ஓரகத்தியின் சென்சார்

ஓரிக்கைக்குச் சற்று முன்னால்தான் ஏஞ்சலின் கார் நின்றுபோகும். ஐயம்பேட்டை வீட்டிலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரம் டவுன் நெரிசலைத் தாண்டி, அவள் பாடம் நடத்தும் பள்ளியை நெருங்கும்போது எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கிவிடும். கால்மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அதற்குள் பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனை அலறவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி, "மிஸ், தள்ளட்டுமா?" என்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி திரிஷா, அதே ஷோரூமில் அதே மாடலை எட்டே நாள் கழித்து வாங்கியிருந்தாள். பியூட்டி பார்லர் வைத்திருந்த திரிஷா, கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட அந்த வண்டியில் வேலூர், செங்கல்பட்டு என்று சுற்றி வந்தாள். ஒரு நாளும், ஓரிடத்திலும் அது நின்றதில்லை.

"அவ வண்டி எப்படி ஓடுது பாரு. எல்லாம் ஓட்டற கையில இருக்குதும்மா" என்றாள் மாமியார் மரியம்மாள், சாப்பாடு பரிமாறிக்கொண்டே. ஏஞ்சல் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டாள்.

சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனாள். அங்கே அட்வைசர் சிட்டிபாபு ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்து, "ஒரு எர்ரரும் காட்டல மேடம், வண்டி சூப்பரா இருக்குது" என்று சாவியை நீட்டினார். நான்காம் முறை ஏஞ்சல் சாவியை வாங்கவில்லை.

"நீங்க என் பக்கத்துல உக்காருங்க சார். நான் ஓட்டறேன்."

வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார். டவுனை ஒரு சுற்றுச் சுற்றி ஓரிக்கைச் சாலைக்கு வந்ததும் வண்டி குலுங்கி நின்றது. சிட்டிபாபு இறங்கிப் பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"சூடு ஏறினா, எஞ்சின் சுத்தறதக் காட்டற கிராங்க் சென்சார் வேலை செய்யலன்னு நினைக்கிறேன். ஆனா எர்ரர் வராம புது பார்ட் கேட்டா கம்பெனி ஒத்துக்காது மேடம். இதே மாடல் வண்டி ஒண்ணு இருந்தா, ரெண்டு சென்சாரையும் மாத்திப் போட்டுப் பாக்கலாம். கோளாறு அந்த வண்டிக்குப் போயிடுச்சுன்னா, அதான் ப்ரூஃப்."

யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஏஞ்சலுக்குத் தெரியும். கேட்க இரண்டு நாள் ஆயிற்று.

"இதுக்கா இவ்ளோ தயங்கினீங்க? எடுத்துக்கோங்கக்கா" என்றாள் திரிஷா. ஒரு நொடியாவது யோசித்திருக்கக் கூடாதா என்று ஏஞ்சலுக்கு ஆத்திரமாக வந்தது.

சென்சார்களை மாற்றிப் போட்டார்கள். அதன்பின் மூன்று நாளும் ஏஞ்சலின் வண்டி ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுப் பாலம்வரை போய்த் திரும்பியது, எங்கும் நிற்கவில்லை. சனிக்கிழமை பகலில் போன் வந்தது.

"அக்கா, தென்னேரி ஏரிக்கரைல நின்னுப்போச்சுக்கா! ஒரு குலுக்கு, அவ்ளோதான்!"

"அப்பாடா!" என்றாள் ஏஞ்சல். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனசுக்குள் கரகாட்டமே நடந்தது. நிற்கட்டும், அவளும் வெயிலில் நிற்கட்டும், அவளைப் பார்த்தும் நாலு பேர் ஹாரன் அடிக்கட்டும். தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளுக்கு வாலாஜாபாத் தாண்டும்வரை அந்தச் சந்தோஷம் குறையவே இல்லை.

ஏரிக்கரையில் திரிஷா புளியமர நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணு காத்துக்கினு இருப்பாளே?" என்றாள் ஏஞ்சல்.

"ரிசப்ஷன் சாயங்காலந்தான்கா. நின்னா நிக்கட்டும்னு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டேன். இத பாருங்க, போனை முன்னாடி மாட்டி வெச்சு நிக்கறத வீடியோ எடுத்துட்டேன். மீட்டர் முள்ளு விழறது, லைட் எரியறது எல்லாம் தெரியுது. இனிமே அந்த சர்வீஸ்காரரு என்ன சொல்லுவாரு?" அவள் போனை நீட்டினாள். "நீங்க அப்பாடான்னீங்களே, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கண்டுபிடிச்சாச்சுல்ல?"

ஏஞ்சல் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நின்றுபோனதிலும் இவள்தான் ஜெயித்திருக்கிறாள்.

மேக்கப் பெட்டிகளைத் தன் வண்டிக்கு மாற்றி, திரிஷாவைக் கல்யாண வீட்டில் இறக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை சிட்டிபாபு வீடியோவை இரண்டு முறை பார்த்து, "இந்த மாதிரி ப்ரூஃப் யாரும் கொண்டு வந்ததில்ல மேடம்" என்று திரிஷாவிடம்தான் சொன்னார். புது சென்சார் ஐந்தாம் நாள் வந்தது. திரிஷாவின் சென்சார் அவள் வண்டிக்கே திரும்பிப் போனது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மரியம்மாள் கேட்டாள்: "நாலு தடவ போயும் தெரியாதத யாரும்மா கண்டுபிடிச்சது?"

சிட்டிபாபுவை உட்காரவைத்து ஓட்டிக்காட்டியது நான்தான் என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஏஞ்சல் தட்டில் இருந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்தாள்.

"திரிஷாதான் அத்தை" என்றாள், குரல் எழும்பாமல்.

மரியம்மாளுக்குக் காது சற்று மந்தம். "யாரு?"

ஏஞ்சல் இன்னொரு முறை, உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.