அறுபத்தொரு கிலோ

சம்சுன்னிசா வெள்ளைச் சேலையின் கொசுவத்தை மூன்றாவது முறையாக மடித்தாள். மூன்றாவது முறையும் அது விரல்களிலிருந்து நழுவி அவிழ்ந்தது.

"விடுங்க உம்மா, நான் கட்டி விடறேன்," என்று மகள் ஹனீன் தரையில் மண்டியிட்டாள்.

படுக்கையறைக்கு வெளியே, ஹாலில், ஆண்களின் குரல்கள். கணவர் யூசுபின் உடலைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். கதவிடுக்கு வழியே அத்தர் மணம் வந்தது. சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஜாஃபர் காலையிலேயே கடையைத் திறந்து எடுத்து வந்த புட்டி. யூசுபுக்கு அத்தர் ஆகாது. விமானம் ஓட்டும் அறைக்குள் தலை வலிக்கும் என்று முப்பத்து நான்கு வருடமாக வாசனை எதுவும் போட்டதில்லை.

"லுஹர் தொழுகைக்கு முன்னாடி வேன் வந்துரும்," என்றார் ஜாஃபர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று. "சம்சு, மையித்து வாசல் தாண்டினதும் நீ இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள். வெளி ஆம்பளைங்க முன்னாடி வர்றது, போன்ல பேசறது, எதுவும் கிடையாது. நம்ம உம்மா இருந்த மாதிரி."

"தெரியும் காக்கா. ராஜ் அண்ணன் வந்துட்டாங்களா?"

"இருதயராஜா? இன்னும் வரல. ஏன்?"

"ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்டச் சொல்லு, நான் கேக்கறேன்."

அது அண்ணனிடம் சொல்லி அனுப்புகிற கேள்வி அல்ல.

அன்று அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு யூசுப் ஹாலிலிருந்தே கூப்பிட்டார். "சம்சு, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவள் அடுப்படியில் இருந்தாள். "இருங்க, பால் பொங்குது," என்றாள். பால் பொங்கி, அடுப்பை அணைத்து, கோப்பையோடு வந்தபோது அவர் தொழுகை விரிப்பிலேயே பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் இருபது நிமிடம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள்.

என்ன கேட்க வந்தார்? சாவி எங்கே என்றா? சாயங்காலம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போகலாமா என்றா? இல்லை, இரண்டு வருடமாக அவர் கேட்பார் கேட்பார் என்று அவள் காத்திருந்த அதையா?

இரண்டு வருடத்துக்கு முன்பு, விமானி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், யூசுபும் அவரோடு வேலை பார்த்த இருதயராஜும் ஜொகூரில் ஒரு பறக்கும் சங்கத்தில் சேர்ந்தார்கள். நான்கு பேர் உட்காருகிற குட்டி விமானம். முன்பக்கம் ஒரே ஒரு காற்றாடி. கதவு பழைய கார்க் கதவு மாதிரி இருந்தது. சரியாகச் சாத்துகிறதா என்று யூசுபே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"வா சம்சு. ஒரு ரவுண்டு," என்று அவளை வலதுபக்கம் உட்கார வைத்துப் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். இருதயராஜ் பின்னால் ஏறிக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவர் ஓட்டிய விமானத்தில் அவள் இரண்டே முறைதான் போயிருக்கிறாள். நாற்பத்திரண்டாவது வரிசை. பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர். ஸ்பீக்கரில் முந்நூறு பேருக்கும் பொதுவாக ஒரு குரல். அன்றைக்கோ அவர் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. கீழே செம்பனைத் தோட்டங்கள், நெளிந்து போகிற ஓர் ஆறு. "அதோ அந்த ஊர் கூலாய்," என்று காதுக்குள் சொன்னார். அவளுக்கு மட்டும் சொன்னார்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. பெரிய விமானத்தில் ஓட்டுகிறவர் உட்காரும் இடம் மூன்று மாடி உயரம். அந்த உயரத்திலிருந்து தரையைப் பார்த்துப் பழகிய கண். அதே உயரத்தில் யூசுபின் கை தானாக விமானத்தின் மூக்கைத் தூக்கியது. குட்டி விமானம் அந்தரத்தில் ஒரு நொடி நின்று, அப்படியே தொப்பென்று விழுந்தது. எகிறியது. மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவைதான் ஓடியது.

சம்சுன்னிசா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கான்டீனில் எல்லார் முன்னாலும், "முந்நூறு பேரை இறக்கின கேப்டனா இவங்க? நூத்தி எழுபத்தஞ்சாம் நம்பர் பஸ் டிரைவர் இதைவிட நல்லா நிறுத்துவான்லா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யூசுபும் சிரித்தார்.

திரும்பி வரும்போது எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேரம் வாகன நெரிசல். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு அவளை அவர் கூப்பிடவே இல்லை. ஒரு சனி விட்டு ஒரு சனி, ஐந்து மணிக்கு எழுந்து போவார். அவள் அதற்கு முன்பே எழுந்து, குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, டீ போட்டுக்கொடுத்து, டீ குடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "வர்றேன் சம்சு," என்று கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். நானும் வர்றேன் என்று அவளும் சொன்னதில்லை. சிரித்தவள் எந்த வாயால் கேட்பது?

"ராஜ் அங்கிள் வந்துட்டாங்க," என்றாள் ஹனீன், கதவை லேசாகத் திறந்து பார்த்து. "ஹால்ல கஃபன் துணி கட்டிட்டு இருக்காங்க உம்மா. டைம் இல்ல."

"காக்கா விடமாட்டாங்க."

ஹனீன் யோசித்தாள். பிறகு படுக்கையறை சன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் பதினோராவது மாடி நடைபாதை. "இங்க நில்லுங்க. நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன். மாமாவுக்கு இமாம்கிட்டப் பேசற வேலை குடுக்கறேன்."

ஒரு நிமிடத்தில் கம்பிக்கு வெளியே இருதயராஜ் வந்து நின்றார். தோ பாயோ வீட்டிலிருந்து டாக்ஸி கிடைக்காமல் ரயிலில் வந்திருக்கிறார். வழுக்கைத் தலையில் கைக்குட்டையை நாலு முடிச்சுப் போட்டுக் கவிழ்த்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"சிஸ்டர்..."

"அண்ணே, எனக்கு நேரமில்ல. அவங்களுக்கு என் மேல கோவமா?"

"கோவமா? எதுக்கு?"

"அன்னைக்குச் சிரிச்சேன்ல. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல."

இருதயராஜ் கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தலையில் வைக்க மறந்துவிட்டார்.

"நீங்க பயந்துட்டீங்கன்னு நினைச்சான் சிஸ்டர். பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிச்சீங்கன்னு. 'அவ உதடு வெளுத்துப் போச்சு ராஜ். ஊர்ல உள்ளவனையெல்லாம் பத்திரமா இறக்கினேன், என் பொண்டாட்டியைக் கீழ போட்டுட்டேன்'னு சொல்லிட்டே இருப்பான்."

"பயமா? எனக்கா?" சம்சுன்னிசாவின் கை சன்னல் கம்பியைத் தேடிப் பிடித்தது. "சந்தோஷத்துல சிரிச்சேன் அண்ணே."

ஹாலில் யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள்.

"ரெண்டு வருஷமா அங்க வேற எதுவுமே பண்ணலை அவன்," என்றார் இருதயராஜ். "நான் மலாக்கா வரைக்கும் போலாம்பேன், வரமாட்டான். ஏறுவான், சுத்துவான், இறங்குவான். மறுபடி ஏறுவான். என்னையும் ஏத்திக்க மாட்டான். 'நீ எண்பது கிலோ, நீ உதவ மாட்டே'ம்பான். பக்கத்து சீட்ல மண் மூட்டை வச்சு பெல்ட் போட்டிருப்பான்."

"மண் மூட்டையா?"

"இருபது கிலோ மூட்டை மூணு. மேல ஒரு கிலோ பாக்கெட் ரெண்டு. சின்ன ப்ளேன்ல பக்கத்துல இருக்கற ஆளோட வெயிட் மாறினா இறங்கற விதமே மாறும். உங்களை பாலிகிளினிக் கூட்டிட்டுப் போவான்ல, சுகர் செக்கப்புக்கு? நர்ஸ் உங்க வெயிட்டை எழுதறதை எட்டிப் பார்த்துட்டு வந்துருவான். இந்த நோன்பு முடிஞ்சதும் ஒரு பாக்கெட்டை எடுத்துட்டான். ஏண்டான்னு கேட்டேன். 'நோன்புல ஒரு கிலோ குறைஞ்சிருக்கா. அறுபத்தொண்ணு'ன்னான்."

சம்சுன்னிசாவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"போன தடவை பன்னெண்டு தடவை இறங்கினான். ஒண்ணுல கூட சத்தம் இல்ல. கான்டீன் அண்ணே கோப்பியோட வந்து, 'ப்ளேன் எப்ப வந்துச்சு'ன்னு கேக்கறார். அன்னைக்குத்தான் சொன்னான், 'அடுத்த தடவை மூட்டை வேணாம்டா, சம்சுகிட்டயே கேட்டுடறேன்'னு. 'மாட்டேன்னுட்டா என்னடா செய்வே'ன்னு கேட்டேன். 'மறுபடி மூட்டை'ன்னான்."

அந்த அடுத்த தடவை, நாளை மறுநாள் சனிக்கிழமை.

"காலைல கேக்கத்தான் கூப்பிட்டாங்க," என்றாள். "நான் பால் பொங்குதுன்னுட்டேன்."

இருதயராஜ் தரையைப் பார்த்தார். "அது... எனக்கென்ன தெரியும் சிஸ்டர். வேற எதாவதாக்கூட இருக்கலாம்," என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"சம்சு!" ஹாலில் ஜாஃபரின் குரல் நெருங்கியது. "யார்கிட்டப் பேசறே?"

"அஞ்சு நிமிஷம் மாமா," என்றாள் ஹனீன், கதவில் முதுகைச் சாய்த்து நின்று.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "ரெண்டு நிமிஷம்," என்றார் ஜாஃபர். அவருடைய காலடிச் சத்தம் விலகிப் போனது.

"அண்ணே, அந்த மூட்டையெல்லாம் இப்ப எங்க?"

"சங்கத்து ஸ்டோர்ல. கண்டவன் எடுத்துடுவான்னு மேல பேப்பர் ஒட்டி வச்சிருக்கான்."

"என்னன்னு?"

இருதயராஜ் தயங்கினார். "'சம்சு. யாரும் தொடாதீங்க'ன்னு."

அவள் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். வெளியே நின்ற மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, குரல் கடைக்காரனிடம் பொருளை எடுத்து வைக்கச் சொல்கிறவளின் குரலாக இருந்தது.

"கொட்டிடாதீங்க. நாலு மாசம் பத்து நாள் கழிச்சு நான் வர்றேன். தூக்கிப் பார்க்கணும்."

"சரி சிஸ்டர்."

"நீங்க போங்க. அவங்களுக்குத் தோள் குடுங்க."

ஹாலில் திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு எல்லோரும் சேர்ந்து கலிமா சொல்லும் குரல் எழுந்தது. ஹனீன் அழ ஆரம்பித்தாள். வாசல் குறுகல். "பார்த்து, பார்த்து, என் பக்கம் இறக்கு," என்று ஜாஃபர் சொல்வது கேட்டது. மையித்துப் பெட்டி வாசலைத் தாண்டி நடைபாதையில் திரும்பி, படுக்கையறை சன்னலை ஒட்டி வந்தது. முன்னால் ஜாஃபர், அவருக்குப் பின்னால் கைக்குட்டையைத் தலையில் சரியாகக் கட்டிக்கொண்ட இருதயராஜ். பெட்டி ஆடவில்லை. சம்சுன்னிசா கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். பெட்டி மேல் போர்த்திய பச்சைத் துணி அவள் விரல் நுனிகளைத் தொட்டுக்கொண்டே போய் முடிந்தது.

லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டது.

"சன்னலைச் சாத்தட்டுமா உம்மா?"

"இருக்கட்டும்."

எதிர் புளோக்கில் மாடிக்கு மாடி மூங்கில் கழிகளில் துணிகள் காய்ந்தன. காற்று வந்து அவற்றையெல்லாம் ஒரே பக்கமாகத் தூக்கியது. அவை வெகுநேரம் அப்படியே நின்று, பிறகு மெதுவாகத் தாழ்ந்தன.