ஜன்னலில் ஓடிய படம்

இருபத்து மூன்று வயது, கடல் தாண்டி வந்த பிள்ளை. மறதி நோய் வந்த முதியவர்களின் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இல்லத்துக்கு உரிமம் இருக்கும்வரைதான் அவனுக்கும் அந்த நாட்டில் இடம். அந்த உரிமத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க அன்று ஆய்வாளர் வருகிறார். 

மேனேஜர் அக்கா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். “தம்பி, கதவு ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருக்கணும். பழைய சாமான் கடையாட்டம் தொங்குதே, அத்தனையும் எடு.”

ஒரு கதவில் சிவப்புக் குடை, இன்னொன்றில் வைக்கோல் தொப்பி, அடுத்ததில் ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் கழற்றி, மூட்டை கட்டிக் கிடங்கில் போட்டான். தாழ்வாரம் பளபளத்தது. அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து முதியவர்கள் எல்லாரும் அறைக்குத் திரும்பியபோதுதான் வினை தெரிந்தது. அந்தக் குடையும் தொப்பியும்தான் அவர்களுக்கு வீட்டு விலாசம். இப்போது எல்லாக் கதவும் ஒரே கதவு. டீச்சரம்மா யாருடைய கட்டிலிலோ படுத்துக்கொண்டு, “யாருய்யா நீ, என் வீட்டுக்குள்ள?” என்று சத்தம் போட்டார்.

“அதை நான்ல கேக்கணும்!” என்று கட்டிலுக்குச் சொந்தக்காரரான தையல்காரர் அழுதேவிட்டார்.

தாழ்வாரமே சந்தைக்கடை ஆனது. சரியாக அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“போச்சுடா தம்பி,” என்று அக்கா தலையில் கைவைத்தார்.

மூலை நாற்காலியிலிருந்து டார்ச் ஐயா எழுந்தார். தியேட்டர் இருட்டில் ஆட்களை சீட்டுக்குக் கூட்டிப்போனதே அவர் பார்த்த ஒரே வேலை. இப்போது பெற்ற மகள் வந்து நின்றாலும், “யாரும்மா நீங்க?” என்பார்.

அவர் வெறுங்கையை டார்ச் பிடிப்பதுபோலத் தாழ்த்தி, தையல்காரரின் முழங்கையைத் தொட்டார். “வாங்க சார், இன்னும் படம் போடல. படி இருக்கு, பாத்து.”

படியே இல்லாத தரையில் தையல்காரர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அழுகை நின்றிருந்தது.

கூடத்து நாற்காலிகள் பெரிய ஜன்னலைப் பார்த்துக் கிடந்தன. ஒவ்வொருவராகக் கொண்டுவந்து உட்காரவைத்தார். யாரையும் இழுக்கவில்லை, யாரும் முரண்டு பிடிக்கவில்லை. டீச்சரம்மாவும் வந்தார். கடைசியில் ஆய்வாளர் அம்மாவின் முழங்கையையும் தொட்டார். “தனியாவா வந்தீங்க? ஓரத்து சீட்டு தரேன்.” அவரும் போய் உட்கார்ந்தார்.

வெளியே காற்றில் மரம் அசைந்தது. இலைகளுக்கு நடுவே வெயில் சிதறிச் சிதறிக் கூடியது. அத்தனை முகங்களிலும் அந்த ஒளி ஏறி இறங்கியது.  அவன் நின்றபடியே பார்த்தான். தன் பெயரைத் தொலைத்த மனிதர், இத்தனை பேருடைய பயத்தையும் ஒரு விரல் தொடுகையில் இறக்கிவைத்துவிட்டாரே!

ஆய்வாளர் அம்மா தணிந்த குரலில் கேட்டார். “கதவுல வெறும் ஆணி மட்டும் இருக்கு. மாட்டியிருந்ததை யாரு எடுத்தது?”

“நான்தான் மேடம்.”

“நான் சொல்லித்தான் எடுத்தான்,” என்றார் அக்கா குறுக்கிட்டு.

“பெரிய தப்பு. அப்படியேதான் எழுதுவேன்.” ஆய்வாளர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்த மனுஷனைப் பத்தியும் எழுதுவேன். உரிமத்தை இப்போ நிறுத்தல. அடுத்த மாசம் திரும்ப வந்து பாக்கறேன்.”

“அப்ப நான் இங்கயே இருக்கலாமா மேடம்?” அடக்கமாட்டாமல் சத்தமாகவே கேட்டுவிட்டான்.

டார்ச் ஐயா குனிந்தபடி வந்து அவன் முழங்கையைத் தொட்டார்.

“உக்காருங்க தம்பி. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.”