வரிசை எண் 612

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸிலிருந்து கிடைத்தது. சரியாகச் சொன்னால், நான் எடுக்காமல் வைத்திருக்கும் ஒரு ஜெராக்ஸிலிருந்து.

என் மனைவி ஜெயராணி 2023 அக்டோபரில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அவளுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தொன்று. இதற்கு மேல் அதைப் பற்றி இந்தக் கதையில் வராது. [வரும் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் அடித்துவிடுகிறேன்.]

கதை தேர்தலைப் பற்றியது.

2

முதல் தொடக்கம்:

"ஏப்ரல் மாத வெயில் முதுநகர்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரைமேல்

வேண்டாம். 2024 ஏப்ரலில், வாக்குப் பதிவு நாளன்று, நான் முதுநகரில் இல்லை. சிதம்பரத்தில் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தேன்.

இரண்டாம் தொடக்கம்:

"மக்களாட்சி என்பது

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதி இல்லை. எங்கள் தெருமுனையிலேயே வாக்குச்சாவடி இருந்தது. நான் போகவில்லை. கோபமில்லை, கொள்கையுமில்லை. செருப்பை மாட்டத் தோன்றவில்லை, அவ்வளவுதான். [அவள் இருந்தால் ஏழு மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் – அடித்தாயிற்று.] வாக்குப் பதிவு குறைந்துவிட்டது என்று மறுநாள் செய்தித்தாளில் கவலைப்பட்டிருந்தார்கள். அந்தக் குறைவில் நானும் ஒருவன்.

3

மூன்றாம் தொடக்கம். இது நிற்கும்.

காலை எட்டரை. முதுநகரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சுவரோரம் கட்சி ஏஜென்டுகளுக்கு மூன்று நாற்காலிகள். மூன்றாவது கட்சியின் ஆள் வரவில்லை. மற்ற இரண்டில் ஒன்றில் கதிரவன் இருக்கிறான். ஜெயராணியின் தம்பி, என் மச்சான். மடியில் வாக்காளர் பட்டியலின் பிரதி.

யார் வந்தாலும் வரிசை எண்ணையும் பெயரையும் அலுவலர் உரக்கப் படிக்க வேண்டும். அது விதி. ஏஜென்டுகள் காதால் கேட்டு, ஆளைக் கண்ணால் பார்த்து, பட்டியலில் கோடு போடுவார்கள். ஆள் மாறியிருந்தால் ஆட்சேபிக்கலாம்.*

அலுவலர் படித்தார்: "அறுநூற்றுப் பன்னிரண்டு. ஜெயராணி. தந்தை பெயர் சுப்பிரமணியன்."

ஒரு பெண் "ஆமாங்க" என்றாள்.

மை வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். பீப் என்று சத்தம் கேட்டது. வெளியே போய்விட்டாள்.

கதிரவன் கோடு போட்டான்.

* ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். கதிரவனின் சட்டைப் பையில் அதைவிட அதிகம் இருந்திருக்கும்.

4

விளக்கம் தேவை. திருமணம் ஆனதும் ஜெயராணியின் பெயரைச் சிதம்பரத்தில் சேர்த்தோம். அவள் பிறந்த ஊரான முதுநகரில் நீக்க மறந்துவிட்டோம். எத்தனையோ பெண்களுக்கு இப்படி இருக்கிறது: பிறந்த வீட்டில் ஒரு பெயர், வந்த வீட்டில் ஒரு பெயர். அவள் இறந்த பிறகு, தெருக்காரர்கள் சொல்லியே சிதம்பரத்துப் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

முதுநகர்ப் பட்டியலில் அவளுக்குக் கணவர் பெயர் இல்லை. புகைப்படத்தில் இரட்டைச் சடை. பதினெட்டு வயதில் எடுத்தது. அந்தப் பட்டியலில் அவள் என்னைத் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதனால் சிதம்பரத்துக்கு வரவில்லை, அதனால் அந்த அக்டோபரில்

இதை இப்படியே விடுகிறேன்.

5

அன்று மாலை கதிரவன் போனில் சொன்னது:

"மாமா, அக்கா பேரப் படிச்சாங்க மாமா."

"எங்கடா?"

"பூத்துல. எவளோ ஒருத்தி வந்து ஆமான்னா. கள்ள ஓட்டு."

"நீ ஏன் சும்மா இருந்த?"

"எழுந்து நின்னு, அது செத்துப்போச்சுன்னு சொல்லணும் மாமா. அத்தினி பேரு முன்னாடி. வாய் வரல."

பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சியின் ஏஜென்ட் மணவாளன். ஜெயராணிக்கு மாலை போட வந்தவர், அவருக்கும் தெரியும். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கேட்டாராம்:

"ஏண்டா, ஒங்க அக்கா பேருதான அது?"

"ஆமாண்ணே."

"நீ எழுந்திரிப்பன்னு பாத்தேன்."

"நீங்க எழுந்திரிப்பீங்கன்னு நான் பாத்தேன்."

"ஒங்க வூட்டுச் சாவ நான் எப்பிட்றா சொல்றது? இந்தா, சாம்பார் ஊத்திக்க."

இங்கே கொஞ்சம் கட்டுரை. ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்களை ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் தேர்தல். அவர்களுடைய சந்தேகம் நமக்குக் காவல். அன்று இரண்டு பேரும் ஒரு சாவுக்கு மரியாதை கொடுத்துச் சும்மா இருந்தார்கள். இதைக் குற்றமாக எழுத எனக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் இரண்டே வகைப் பெயர்கள்தான்: கோடு போட்டது, போடாதது. இறந்தவரும் வராதவரும் ஒரே வகை. ஜெயராணி வாக்களித்தாள். நான் வாக்களிக்கவில்லை. எங்கள் இருவரில் அன்று இல்லாமல் போனது யார் என்று அரசாங்கத்தைக் கேட்டால் என்னைத்தான் காட்டும்.

6

வந்த பெண்ணை யாராக எழுதுவது?

கூலிக்கு வந்தவள் என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். தன் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போனதால், யார் பெயரிலாவது ஓட்டுப் போட்டே தீருவேன் என்று வந்தவளாக ஆக்கிப் பார்த்தேன். இவளைப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் அவள் இடது தோளைச் சற்றுச் சாய்த்து நடக்க ஆரம்பித்தாள். ஜெயராணி அப்படி நடப்பாள். கிழித்துப் போட்டேன்.

7

கவனமாகப் படிப்பவர் இதற்குள் கேட்டிருப்பார்: அடையாள அட்டை? அட்டை இல்லாமல் எப்படி உள்ளே விட்டார்கள்?

ஒன்றரை வருடமாக இதை நான் கேட்கவில்லை. கதையில் அங்கே ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தே சுற்றி நடந்தேன்.

இப்போது வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கிறார்கள். முதுநகரில் அந்த வேலை அங்கன்வாடி ஆசிரியை புஷ்பவள்ளிக்கு. பெயரை நீக்க இறப்புச் சான்றிதழின் நகல் கேட்டிருக்கிறார். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை போன் செய்துவிட்டு, போன வாரம் கதிரவன் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டான்.

"ஒரு ஜெராக்ஸுதான மாமா. கீழ வீதியில ரெண்டு நிமிசம். அந்தம்மா டெய்லி வந்து நிக்கிது."

"அக்காவோட பழைய ஓட்டர் ஐடி எங்க?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"பீரோவுல."

"அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் குடுத்தேன் மாமா. ஊர்ல இல்லாதவங்க அட்டை இருந்தா குடுங்கன்னு கட்சியில கேட்டாங்க. எல்லாரும் குடுத்தாங்க. சும்மா கெடக்குறதுதானன்னு நெனச்சிட்டேன்."

"பேரப் படிப்பாங்கன்னு தெரியாதா? அதுக்கு முன்னாடியே ரெண்டு எலக்சன் உக்காந்தவன்தான நீ?"

"தெரியும். அக்கா பேரப் படிப்பாங்கன்னு தோணல."

சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"அடுத்த எலக்சன் வருது மாமா. திரும்பக் கேப்பாங்க. கேட்டா குடுத்துடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். பேரே இல்லன்னா கேக்க மாட்டாங்க இல்ல? அதுக்குத்தான் வந்தேன்."

8

முதல் முடிவு. கீழ வீதிக்குப் போகிறேன். நகல் எடுத்துக் கொடுக்கிறேன். 612 போய்விடுகிறது. ஒரு கள்ள ஓட்டு குறைகிறது. கதிரவன் தப்பிக்கிறான். நல்ல முடிவு. நான்கு வரியில் முடிந்துவிட்டது.

இரண்டாம் முடிவு. நகல் கொடுக்கவில்லை. தேர்தல் நாளன்று விடிந்ததும் பஸ் பிடித்து, அந்தப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலோரமாகப் போய் நிற்கிறேன். இந்த இரண்டு வருடங்களில் என் முன்னால் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. "அது" என்கிறார்கள், "அவுங்க" என்கிறார்கள். அந்த அறையில்தான் முழுப் பெயரையும் உரக்கச் சொல்கிறார்கள். யாரோ ஒரு பெண் "ஆமாங்க" என்கிறாள். அதற்காக யாரோ ஒருவரின் உண்மையான ஓட்டு வீணாகப் போனால் போகட்டும்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். இதை எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடிக்கவில்லை.

நகல் கொடுக்க நாளை மறுநாள் கடைசி நாள். சான்றிதழ் இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, உறையைப் பிரிக்கவில்லை.

கதிரவன் எழுந்திருக்கவில்லை. மணவாளன் எழுந்திருக்கவில்லை. நான் அன்று அறைக்கே வரவில்லை. மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் நீங்கள் உட்காருங்கள். பட்டியலை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவைத் திறந்துகொள்ளுங்கள். நான் படிக்கிறேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு. ஜெயராணி. தந்தை பெயர் சுப்பிரமணியன்.