பெயர் போடாத செய்தி

திருவள்ளூரிலிருந்து வெளிவரும் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஸுப்ரஜா ஆசிரியை. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர் மீது பாலியல் புகார் கொடுத்த பெண்ணைப் பற்றிய செய்தியில், பெயரைத் தானே நீக்கிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பத்திரிகைக் கட்டுகள் வண்டியேறிவிட்டன.

மூன்று மணிக்கு ஃபோன் வந்தது.

"மேடம், ஹெலன் பேசறேன். பேரு போட மாட்டோம்னு சொன்னீங்களே?"

"போடலையேம்மா. நானே எடுத்துட்டேன்."

"'அத்திப்பட்டு கிரேன் ஆபரேட்டர்'னு போட்டுக்கீறீங்களே! எங்க கம்பெனில கிரேன் ஓட்டற பொம்பள நான் ஒருத்திதான் மேடம். ரெண்டு பேரு பைக்ல வந்து ஊட்டு வாசல்ல நின்னுக்கினு இருக்கானுங்க. கையில உங்க பேப்பரு." குரல் சட்டென்று தணிந்தது. "கதவத் தட்டறானுங்க..."

இணைப்பு அறுந்தது.

ஸுப்ரஜா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், சுவிட்ச் ஆஃப். போலீசுக்குச் சொன்னாள். இணையத்தில் இருந்த செய்தியை எடுக்கச் சொல்லிவிட்டு, நிருபர் சரவணனோடு காரில் ஏறினாள். மீஞ்சூரில் லாரிகளுக்கு நடுவே கார் நகர மறுத்தது. டீக்கடை வாசலில் ஒருவர் அவளுடைய பத்திரிகையை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

"ஊரும் வேலையும் இருந்தாத்தான் நம்புவாங்கன்னு எழுதிட்டேன் மேடம்" என்றான் சரவணன்.

"படிச்சுப் பார்த்து அனுப்பினது நான்."

ஹெலன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. ஸுப்ரஜா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டு கங்கம்மா வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க யாரு? அவனுங்க ஆளா?"

"இல்லம்மா, பேப்பர்லேருந்து வர்றோம்."

"அதுக்கு அவனுங்களே தேவலாம்!"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹெலன் எட்டிப் பார்த்தாள். பின்வாசல் வழியாக இங்கே ஓடி வந்திருக்கிறாள். போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் அந்த இருவரும் நழுவிவிட்டார்களாம்.

"தப்பு எங்களோடதும்மா. நாளைக்கே முதல் பக்கத்துல வருத்தம் தெரிவிச்சுடறோம்."

ஹெலன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "அத மட்டும் பண்ணாதீங்க மேடம். இன்னிக்கிப் படிக்காதவனும் நாளைக்கிப் படிப்பான்."



சற்றுநேரத்தில் ஹெலன் ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்று ஸுப்ரஜா சொன்னதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள்.

"எந்த ஊருக்கும்மா போறீங்க?"

ஹெலன் பதில் சொல்லாமல் ரயிலடியை நோக்கி நடந்தாள்.