தரையில் தட்டாத கை

கண்காணிப்புக் கேமராவின் படத்தில் சத்தம் கிடையாது. அதனால் எலும்பு எந்த நொடியில் முறிந்தது என்பதைச் சங்கத்தார் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். காவலாளிகளுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வாயைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். முப்பத்தோராவது நொடியில் தோளுக்குக் கீழே ஒரு மேடு எழும்பியது. அதுதான்.

சிறார் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இரும்பு வாளியைச் சுழற்றி இன்னொருத்தியின் மண்டையில் போடுகிறாள். தடுக்க வந்த மூத்த காவலாளியின் வாயில் அதே வாளி. வந்து சேர்ந்த முதல் வாரமே ஜன்னலை உடைத்து, கண்ணாடித் துண்டை அடுத்த படுக்கைக்காரியின் கழுத்தில் வைத்தவள் என்பதால் வாளி வீசியவளுக்கு அங்கே பெயர் சில்லு. பிறகு இரண்டாவது காவலாளி ஓடி வருகிறாள். மணிக்கட்டைப் பற்றி, காலை இடறி, குப்புறத் தள்ளி, இடுப்பில் முட்டியை ஊன்றி, கையை முதுகுப்பக்கமாக மேலே ஏற்றுகிறாள். நான்காம் பிடி. அச்சடித்த மாதிரி சுத்தமான நான்காம் பிடி.

அந்த இரண்டாவது காவலாளி டீச்சருடைய தம்பி பெண்டாட்டி.

"பாத்தீங்கல்ல? பேய் பிடிச்ச மாதிரி," என்றார் சங்கச் செயலாளர். "எழுதறதுக்கு என்ன இருக்கு? பயிற்சிய மீறி, கோபத்துல செஞ்சது. ஒரே வரி. கையெழுத்தப் போட்டுடுங்க."

"சொந்தக்காரி விஷயத்துல நான் எப்படி சார் விசாரிக்கிறது?"

"அதுக்குத்தானே உங்களப் போட்டேன். நாத்தனாரே சொல்லிட்டா எவன் வாயத் திறப்பான்?"

சிறார் இல்லப் பணியாளர் சங்கம் என்று பெயரைக் கேட்டால் உண்டியல் குலுக்குகிற கூட்டம் என்று தோன்றும். ஆனால் மாநிலத்தின் பதினேழு இல்லங்களிலும் சங்கத்தின் பயிற்சிச் சான்று இல்லாமல் ஒரு காவலாளி உள்ளே கால் வைக்க முடியாது. அடிக்காமல் அடக்கத் தெரிந்த ஆட்கள் அரசுக்குத் தேவைப்பட்டார்கள்; சங்கம் செய்து கொடுத்தது. எந்த இல்லத்தில் பிள்ளைக்கு அடிபட்டாலும் முதலில் விசாரித்து அறிக்கை கொடுப்பதும் சங்கம்தான். அந்த அறிக்கையை வைத்துத்தான் போலீசும் கோர்ட்டும் நகரும். இந்த ஒரே வரி போனால் தம்பி பெண்டாட்டிக்குச் சிறை. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அடுத்த திங்கட்கிழமை இருநூறு புது ஆட்களுக்கு நான்காம் பிடி.

அதைச் சொல்லிக்கொடுக்கிற கைப்புத்தகம் டீச்சர் எழுதியது. பதினோரு வருஷம் ஆகிறது.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி வாசலில் நின்று, "அக்காவா வந்தியா, ஆபீசரா வந்தியா?" என்றான்.

"நகருடா."

தம்பி பெண்டாட்டி சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை.

"கோபத்துல செஞ்சியா?"

"கோபம் வந்துச்சு அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். அந்தம்மாவோட பல்லு தெறிச்சு என் செருப்புல விழுந்துச்சு. வராம இருக்குமா? ஆனா பிடிச்சதுக்கப்புறம் கோபம் இல்ல. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான், ஒரு மூச்சுக்கு ஒரு விரற்கடை ஏத்தினேன்."

"அப்புறம் ஏன்டி விடல?"

"அவ தட்டல."

டீச்சருக்குக் கை தானாக எழுந்தது. பளார் என்று விழுந்த அறையில் தம்பி பெண்டாட்டியின் தலை சுவரில் இடித்தது. உள்ளே வர எத்தனித்த தம்பியை அறை வாங்கியவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

பயிற்சிக் கூடத்தில் காவலாளிகள் ஒருவரை ஒருவர் பிடித்துத்தான் பழகுகிறார்கள். பிடிபட்டவர், தாங்க முடியாதபோது, மறு உள்ளங்கையால் பாயில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டியதும் விட வேண்டும். அறுபது மணி நேரம் அப்படியே பழகிய பிறகுதான் சான்று.

"அவளுக்கு எப்படிடீ தெரியும் தட்டணும்னு? அவ என்ன உன்கூடப் பயிற்சிக்கா வந்தா?"

"தெரியாதுதான். இப்போ தெரியுது." கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "அப்போ தோணல அண்ணி. இந்தா தட்டப்போறா, இந்தா தட்டப்போறான்னு கையவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மாட்டிக்கொண்டவள் எதைத்தான் சொல்ல மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே டீச்சர் வெளியே வந்தாள். நம்பவில்லை. நம்பினால் பழி யார் தலையில் விடியும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் காலை இல்லத்தின் மருத்துவ அறைக்குப் போனாள். சில்லுவுக்கு வலது கை முழுக்க மாவுக்கட்டு. கட்டிலில் சம்மணம் போட்டு, உதட்டுத் தோலைப் பல்லால் கிழித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் சங்கத்துலேர்ந்து வர்றேன்மா."

"எந்தச் சங்கம்? கை ஒடிக்கிற சங்கமா?"

"அன்னிக்கு நடந்ததக் கேட்டு எழுதிக்கத்தான்..."

தண்ணீர்க் கூஜா பறந்து வந்தது. எவர்சில்வர். டீச்சரின் புருவத்தைப் பிளந்துவிட்டுத் தரையில் உருண்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி அவள் துடைப்பதற்குள், சில்லு கட்டிலிலிருந்து பாய்ந்து முன்கையைக் கடித்துவிட்டாள். பல் சதைக்குள் இறங்குவது தெரிந்தது. அதற்குமேல் டீச்சர் எதையும் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. இடது மணிக்கட்டு, இடறல், குப்புற, முட்டி. ஒரு விரற்கடை. பெண் அலறினாள். இன்னொரு விரற்கடை.

டீச்சரின் பார்வை தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த நான்கு விரல் நுனிகளை. முறிந்த கையின் விரல்களை. அவை எப்போது இரண்டு முறை தட்டும் என்று.

சுடுகல்லைத் தொட்டவள் போலக் கையை விட்டாள். பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் விட்டே? இதையும் ஒடி," என்றாள் தரையில் கிடந்தவள். "ஜோடியா இருக்கட்டும்."

"அன்னிக்கு... வலிக்குதுன்னு சொன்னியா நீ?"

"சொன்னேனே! நாலு தரம் கத்தினேன். அம்மான்னு கூடக் கத்தினேன், எனக்கு அம்மாவே கிடையாது. அவ காதுலயே வாங்கல. தரையவே பாத்துக்கிட்டு இருந்தா, காசு தொலைச்சவ மாதிரி."

டீச்சர் அறைக்கு வெளியே வந்து, ஒற்றைக் கண்ணால், கைப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினாள். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம். பயிற்சியில் பிள்ளையாக நடிப்பவர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், ஏசுவார்கள், அதெல்லாம் நடிப்பின் பகுதி. ஆகையால்: "அலறலை நம்பாதே. தட்டுவதை மட்டும் நம்பு." அவள் எழுதியதுதான். எழுதிய அன்று நல்ல வரி என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிக் கூடத்தில் குழு கூடியது. செயலாளரோடு நான்கு உறுப்பினர்கள், குறிப்பெழுதும் பெண், சுவரோரம் தம்பி பெண்டாட்டி. டீச்சர் புருவத்தில் தையலோடு எழுந்து நடந்ததைச் சொன்னாள். கடைசியில், "தப்பு அவளோடது இல்ல, பிடியோடது," என்றாள்.

செயலாளர் சிரித்தார். "டீச்சர், பாசம் கண்ண மறைக்குது. ஒரு பிள்ளை தட்டும்னு எந்த மடையன் காத்திருப்பான்?"

"நீங்க காத்திருப்பீங்க."

"நானா?"

"முதல் அணியில முதல் ஆளாத் தேறினவர் நீங்கதானே? பாயப் போடுங்க. என்னப் பிடிங்க. என்னப் பதினாலு வயசுப் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டுப் பிடிங்க."

"இந்த வயசுல எதுக்கு டீச்சர்..."

"மறந்துபோச்சுன்னா சொல்லிடுங்க. நாற்காலி தேய்ச்சதுல கை மரத்துப்போயிருக்கும்."

உறுப்பினர்கள் கொல்லென்று சிரித்தார்கள். செயலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கை போகும் என்று தெரிந்துதான் அவள் படுத்தாள். எவ்வளவு வலிக்கும் என்பது தெரியாது. பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவளை ஒருவரும் முழுசாகப் பிடித்துப் பார்த்ததில்லை. முட்டி இடுப்பில் இறங்கியது. முதல் மூச்சு. ஆள் மறக்கவில்லை, கனமான கை. இரண்டாவது மூச்சில் தோளில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிய மாதிரி இருந்தது.

"விடு, வலிக்குது!" என்று கத்தினாள்.

"நல்லா நடிக்கிறாங்கய்யா," என்றார் ஓர் உறுப்பினர்.

மூன்று. இடது உள்ளங்கையைப் பாயில் விரித்து வைத்தாள். அதைத் தூக்கித் தட்டச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. விரல்களைப் பாயின் கோரைக்குள் செருகி இறுக்கிக்கொண்டாள். "அம்மா!" என்று ஒரு குரல் வந்தது, அது தன்னுடையது என்று அவளுக்கே பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. செயலாளரின் மூச்சு அவள் காதருகே சீராக வந்துகொண்டிருந்தது. அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்த மூச்சே சொன்னது. அவளுடைய இடது கைப்பக்கம்.

"ஐயோ அண்ணி, தட்டுங்க!" சுவரோரத்திலிருந்து தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள். "விடுய்யா! விடு!" அவர் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள்.

நான்கு. அவர் விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மூச்சில் காய்ந்த சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். கூடத்தில் சிரிப்பு அடங்கியது. செயலாளர் கையை உதறிவிட்டுப் பின்னால் சாய்ந்து விழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தட்டவே இல்லியே!" என்று கத்தினார். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க தட்டவே இல்லியே!"

டீச்சர் கன்னத்தைப் பாயில் வைத்தபடியே வாந்தி எடுத்தாள். பிறகு, குறிப்பெழுதும் பெண்ணின் கால்களைப் பார்த்து, "எழுதிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"எதை, டீச்சர்?"

"சார் இப்போ சொன்னத. ஒரு எழுத்து விடாம. அதான் அறிக்கை. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இடது கையாலதான் போட முடியும். செல்லும்ல?"