பனை மூட்டில் ஒரு வளைவு

மேலப்பாளையத்திலிருந்து செம்பகநல்லூர் வரைக்கும் கால்வாய்க் கரையில் பாதை போடும் வேலை இரண்டு கிலோமீட்டர் வரை தொந்தரவில்லாமல் நடந்தது. நடக்கிறவர்களுக்கு ஒரு பக்கம், சைக்கிளுக்கு ஒரு பக்கம். பஸ்ஸில் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் போகிற ஊருக்கு இனி இருபது நிமிஷத்தில் சைக்கிளில் போய்விடலாம் என்று இரண்டு ஊர்க்காரர்களும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில், ஒற்றைப் பனை நின்ற இடத்தில், ஆட்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

சாந்துச் சட்டி சுமந்து வந்த பெண்கள் அந்த இடம் வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாய்ப் போய் நின்றார்கள். பின்னால் யாரும் இல்லை. கேட்டால், சைக்கிள் மணி கேட்டது என்றார்கள். பொக்லைன் ஓட்டும் சுடலைக்கண்ணு பட்டப்பகலில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி வழிவிட்டுக் காத்திருந்தான்.

"சுடலைக்கண்ணு பூசை போடணும்ங்கான், சார்," என்று மேஸ்திரி தேவசிகாமணி இன்ஜினியரிடம் சொன்னார். "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன். எனக்கே அங்கன நிக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"ரோட்டுல போற சத்தமா இருக்கும், அண்ணாச்சி. வேலையப் பாருங்க," என்றார் இன்ஜினியர் வைத்தீஸ்வரன்.

ரோடு அங்கிருந்து வெகுதூரம். அவருக்கும் அந்த மணி கேட்டிருந்தது. மற்றவர்களைப் போல அவர் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்தப் பனையைத் தாண்டி அவர் ஒருநாளும் நடந்ததில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. மறுபக்கம் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஜீப்பில் செம்பகநல்லூர் வழியாகச் சுற்றிப் போனார்.

மத்தியானங்களில் ஒரு பெண் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு வருவாள். பெயர் ஷஃபீகா. ஒருநாள் அவளாகவே எழுந்து வந்து கேட்டாள்.

"இந்தப் பனை மூட்டுலயும் சிமெண்ட் போடுவீயளா, சார்?"

"ஆமாம்மா. ஏன்?"

"வீட்டுக்காரவுக ரொட்டி வியாபாரம். தினமும் இந்தக் கரை வழியாத்தான் சைக்கிள்ல போவாக. போன வருசம் வெள்ளம் வந்தன்னைக்குப் போனவுக வரல. அடக்கம் பண்ண மையத்தும் கிடைக்கல. வேற ஒருத்தியோட கேரளாவுல இருக்காகன்னு அவுக அண்ணனே சொல்லுதாக." அவள் தட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நான் நம்பல. ஆனா இல்லைன்னு சொல்லவும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பூசுததுக்கு முன்னால ஒருதடவை நல்லாத் தோண்டிப் பாருங்க."

வைத்தீஸ்வரன் சரியென்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். பனையைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

அதிலிருந்து நான்காம் நாள், கரைச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பொக்லைனின் பல்லில் ஒரு சைக்கிள் மாட்டி வந்தது. வண்டலில் ஊறி, சக்கரம் கோணிப் போயிருந்தது. பின்னால் கட்டியிருந்த தகரப்பெட்டியின் சேற்றைச் சுடலைக்கண்ணு துணியால் துடைத்தான். பச்சைப் பெயிண்டில் 'சபீதா' என்று எழுதியிருந்தது.

"எம் மக பேரு," என்றாள் சேதி கேட்டு வந்த ஷஃபீகா. அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளேயும் மண்தான். அன்று முழுக்கத் தோண்டியும் வேறெதுவும் கிடைக்கவில்லை.

"சைக்கிள் இங்கன கெடக்கு. அவுக எங்க?" என்று அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"வெள்ளத்தோட ஆத்துக்குப் போயிட்டார்," என்றார் வைத்தீஸ்வரன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் பாத்தேன்மா. அன்னைக்கு இந்தக் கரையிலதான் பைக்ல வந்தேன். தண்ணி அடிச்சுத் தள்ளிருச்சு. அவர்தான் சைக்கிளப் போட்டுட்டு இறங்கி, என்னை இழுத்து இந்தப் பனையில சேத்தார். நான் மரத்தைப் பிடிச்சப்புறம், அவர் நின்ன மண்ணு சரிஞ்சது. என் கையப் பிடிச்சுத் தொங்கினார்."

"பெறவு?"

"கை நழுவிருச்சு."

ஷஃபீகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நழுவிச்சா, விட்டீயளா?"

தேவசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"விட்டேன்," என்றார் வைத்தீஸ்வரன். "ரெண்டு பேரும் போயிடுவோம்னு தோணிச்சு. விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அடிப்பாள் என்று அவர் நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இத எங்கிட்ட சொன்னாப் போதாது. வாங்க," என்றாள்.

அப்படியே சேற்றுக் காலோடு அவர் அவள் பின்னால் மேலப்பாளையத்துக்கு நடந்தார். அவளுடைய கணவன் ஹாஜாவின் அண்ணன் வீட்டு வாசலில், தறிச் சத்தம் நின்று தெருவே கூடிவிட்டது. வைத்தீஸ்வரன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். விட்டதையும் சொன்னார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். ஷஃபீகா தடுக்கவில்லை. பிறகு அந்தப் பிடி தானாகவே தளர்ந்தது. கேரளா என்று தெருத்தெருவாய்ச் சொன்ன வாய் அது. அவன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எம் புருசன் ஓடிப்போகல. எல்லாரும் கேட்டுக்கிட்டீயள்லா," என்றாள் ஷஃபீகா. அதற்கப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் வைத்தீஸ்வரன் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, உடல் இல்லாமலே ஹாஜாவுக்கு இறுதித் தொழுகையான ஜனாஸா நடந்தது. அன்றிலிருந்து ஷஃபீகா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அந்த நாட்களில் பாதை முடிந்தது. பனை மூட்டில் சிமெண்ட் போடவில்லை. பாதையைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோனார்கள். மணிச் சத்தம் நிற்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகும், காலையில் நடக்க வருகிறவர்கள் அந்த வளைவில் பேச்சை நிறுத்தி ஒதுங்கி நடந்தார்கள். யாரும் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வதில்லை.

இத்தா முடிந்த வாரம் ஷஃபீகா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வைத்தீஸ்வரன் பனைக்கு இப்பால் கைப்பிடிக் கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுவரைக்கும் போவுது, சார்?"

"செம்பகநல்லூர் வரைக்கும்மா."

"அவுக ரொட்டி போட்ட ஊருதான். நான் ஒருதடவைகூடப் பாத்ததில்ல." கொஞ்சம் நின்று, "நீங்களும் வாறீயளா?" என்று கேட்டாள். அவள் குரலில் மன்னிப்பு இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஓரடி எடுத்து வைத்தார். பனையைத் தாண்ட அடுத்த கால் வரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க," என்றார்.

தாயும் மகளும் வளைவைத் தாண்டி வயல்களுக்கு நடுவே பைய நடந்து போனார்கள்.