மல்லசக்தி டானிக்கும் என் படமும்

என் படம் பொன்னமராவதிக் கடைத்தெருவில் தொங்குகிறது என்றால் எங்கள் ஊரில் பலருக்குப் பொறாமை. எனக்கும் நாலு வருஷம் தலைகால் புரியாமல்தான் இருந்தது. கொடும்பாளூரில் ஒரு பொங்கலன்று இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத் திருச்சி டானிக் ஏஜெண்ட் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். அதுவரை என்னை யாரும் போட்டோ பிடித்ததில்லை. கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னான். மடையன், சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு மாதத்தில் காலண்டர் வந்துவிட்டது. 'கொடும்பாளூர் சேவுகன் தினமும் அருந்துவது மல்லசக்தி டானிக். ஒரு அவுன்ஸ், ஒரு படி அரிசிச் சோற்றுக்குச் சமம்' என்று என் காலடியில் அச்சடித்திருந்தார்கள். நானோ அதில் ஒரு மடக்கு வாயில் ஊற்றிக் குமட்டித் துப்பியவன். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, அந்தப் பாட்டிலில் என் மகள் செவந்தி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தாள். என் உடம்பு கேப்பைக் களியிலும் முருங்கைக்கீரையிலும், விடிந்ததும் உடைத்துப் பச்சையாகக் குடிக்கும் நாட்டுக்கோழி முட்டையிலும் வளர்ந்தது. ஆனால், "நெசமாவே டானிக்தானாண்ணே?" என்று யாராவது கேட்டால், "பின்னே? தெனம் ரெண்டு அவுன்ஸ்" என்று மீசையை முறுக்குவேன். அப்போதே என் நாக்கில் யாராவது சூடு போட்டிருக்கலாம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பொன்னமராவதி நல்லதம்பி பெண் கேட்டு வந்தார். அந்தப் பக்கத்தில் மல்லசக்தி டானிக் விற்பது அவர் கடைதான். "பயில்வான் சம்பந்தியாக் கெடைச்சா யாவாரத்துக்கும் நல்லது" என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் மகன் நாகராசுவுக்குச் செவந்தியைக் கட்டிக்கொடுத்தேன். ஆறாம் மாதமே மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட்டான். அப்போது செவந்தி முழுகாமல் இருந்தாள்.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோய், வரிசையில் நின்றாலும் பாதி நாள் அரிசி கிடைக்காத வருஷம் அது. செவந்திக்கு எட்டாம் மாதம் பிறந்ததும், கூடையில் கேப்பை மாவும் முருங்கைக்கீரையும் இருபது முட்டையும் எடுத்துக்கொண்டு பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் பொன்னமராவதிக்குப் போனேன்.

மகளைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தாள்.

"நாங்க ஒரு கொறையும் வைக்கலைண்ணே" என்றாள் அவள் மாமியார் காத்தாயி. "அரிசி கெடைக்கிற காலமா இது? சோத்தைக் கொறைச்சு டானிக்கைக் கூட்டிட்டோம். தெனம் மூணு அவுன்ஸ். மூணு படி சோறுல்ல அது? சோறு அதிகமாத் தின்னா புள்ளை பெருத்துப் போய் பேறுகாலம் கஷ்டமாயிரும்னு வேற சொல்றாங்க."

அவளும் ஒருவேளைக் கஞ்சியோடு இருப்பவள்தான். விற்கிற பாட்டிலை உடைத்து மருமகளுக்கு ஊற்றுகிறாள். அவளை நான் எப்படித் திட்டுவது?

காத்தாயி அடுப்படிக்குப் போனதும், "நீயாச்சும் சொல்லக் கூடாதாம்மா?" என்று செவந்தியைக் கேட்டேன்.

"என்னன்னுப்பா சொல்லட்டும்? எங்கப்பா சொல்றது பொய்யின்னா? ஒங்க படத்தைக் காமிச்சுத்தான் எனக்கு ஊத்துறாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிருவேன். கொஞ்ச நேரம் கிறுகிறுன்னு வரும். அப்புறம் பசி தெரியாது."

என் மானத்தைக் காக்க என் பிள்ளை பட்டினி கிடக்கிறாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டின் முன்பக்கம்தான் கடை. என்னைக் கண்டதும் நின்றவர்கள் எல்லாம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காரையூர்க்காரன் ஒருவன் கையில் பாட்டிலோடு என்னிடம் வந்தான்.

"பொண்டாட்டிக்கு அஞ்சு மாசங்க. ஒடம்புல ரத்தமே இல்லை. நம்பி வாங்கலாங்களா?"

"வேணாம்" என்றேன். "நான் இதைக் குடிச்சதே இல்லை. படத்துக்காகக் கையில பிடிச்சேன், அம்புட்டுத்தான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த நல்லதம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "பயில்வானுக்குத் தமாசைப் பாருங்க! எல்லாத்தையும் தானே குடிச்சுப்புடலாம்னு பாக்குறாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். "நெசமாத்தான்யா சொல்றேன்!" என்று கத்திக்கொண்டு பலகையில் ஓங்கி அடித்தேன். மேலே இருந்த பாட்டில்கள் குதித்தன.

"நாப்பத்தஞ்சு வயசுல என்னா தெம்பு பாரு!" என்றான் ஒருவன்.

காரையூர்க்காரன் காசைக் கொடுத்து, பாட்டிலைத் துண்டில் முடிந்துகொண்டு நடையைக் கட்டினான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

சிரிக்காதவள் காத்தாயி ஒருத்திதான். உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சத்தியமாவாண்ணே குடிக்கலை?"

"சத்தியமா, தங்கச்சி. செவந்திக்குக் களியும் கீரையும் முட்டையும் குடுங்க. இல்லாட்டி எங்கூட அனுப்பிருங்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு டானிக்குன்னு சொன்னீங்க, நம்புனோம். இன்னைக்குக் கீரைங்கிறீங்க, முட்டைங்கிறீங்க. இதை எந்தக் கம்பெனிக்காரன் சொல்லச் சொன்னான்? எம் பேரப்புள்ளையை வச்சு எத்தனை தடவை வெளையாடுவீங்க? பொய் சொல்றவரு வீட்டுக்கு எம் மருமகளை அனுப்ப மாட்டேன்."

உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். அவள் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

கூடையை எடுக்கக் குனிந்தேன். சுவரைப் பிடித்தபடி செவந்தி வந்தாள். கூடையில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தாள். நிலைக்கதவில் தட்டி உடைத்து, தலையை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டாள். ஒருதரம் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

"எங்கப்பா குடிச்சது இதுதான் அத்தை. நாந்தான் தெனம் ஒடைச்சுக் குடுப்பேன். டானிக் பாட்டில்ல மண்ணெண்ணெய்தான் இருந்துச்சு. அதை ஊத்தி வச்சதும் நாந்தான்."

நல்லதம்பியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. காத்தாயி மருமகளின் வெளுத்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.

"பச்சையாக் குடிக்காதடி. அவிச்சுத் தாரேன், உள்ள வா" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் காரையூர்க்காரன் ஞாபகம் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். கடைத்தெருக் கோடிவரை ஓடியும் ஆளைக் காணோம். பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் மறுபக்கம் ஓடினேன்.

"டானிக் பயில்வான் ஓடுற ஓட்டத்தைப் பாருடா!" என்று யாரோ சொன்னது கேட்டது.